தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நூலகம், முகாம், மன்றம்: நீலகிரியில் இந்த வேலைக்கு வருபவர்களுக்கு

ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் பூட்டும்போது நீலகிரியில் சீசன் சூடுபிடித்திருக்கும். ஊட்டியில் மலர்க் கண்காட்சி, குன்னூரில் பழக் கண்காட்சி, காட்டேஜ், ஓட்டல், டாக்சி, வேர்க்கடலை வண்டி என்று மலை முழுக்க ஆள் தேவைப்படும் நேரம் அது. கோடை மழை நாலு தூறல் விழுந்ததும் தேயிலையும் துளிர்த்துவிடும். எஸ்டேட்டில் லீவு கேட்க முடியாது. பரீட்சை முடிந்ததும் பிள்ளைகளைப் பாட்டி ஊருக்கு அனுப்பலாம் என்றால், இங்கே பல குடும்பங்களுக்கு அப்படி ஒரு ஊரே கிடையாது. ஆக, அம்மாவும் அப்பாவும் மூச்சுவிட நேரமில்லாமல் உழைக்கும் அதே இரண்டு மாதத்தில் பிள்ளைகள் காலை முதல் மாலை வரை தனியே இருக்கிறார்கள்.

அந்த இடைவெளியில்தான் உங்கள் வேலை இருக்கிறது. கோடை முகாம், மாலை நேர நூலகம், வளரிளம் பிள்ளைகளுக்கான மன்றம் என்று மூன்று பெயரில் வந்தாலும் வேலை ஒன்றுதான். பட்டப்படிப்பு முடித்துவிட்டு இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்கும், தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டிலேயே வளர்ந்து ‘நம் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யணும்’ என்று நினைப்பவர்களுக்கும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மே மாதத்தில் பத்து நாள் முகாம் நடத்த ஆள் கிடைப்பார்கள், பணமும் கிடைக்கும். ஜூன் மழையில், கரண்ட் போன சாயங்காலத்தில், நாலே பிள்ளைகள் வந்தாலும் சொன்ன நேரத்துக்கு அறையைத் திறப்பவர்தான் கிடைப்பதில்லை. அந்த ஆளாக இருக்க முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொண்டு மேலே படியுங்கள்.

யாருக்காக வேலை செய்யப் போகிறீர்கள்

ஊட்டியில் நூலகத்துக்குக் குறைவில்லை. நீலகிரி நூலகம் 1859-இல் தொடங்கப்பட்டது. ராபர்ட் சிஷோம் வடிவமைத்த அதன் கட்டடம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. அது சந்தாதாரர்களுக்கான நூலகம். தமிழ்நாட்டுப் பொது நூலகச் சட்டம் 1948-இல் வந்தது, சுதந்திர இந்தியாவில் முதலாவது அதுதான். அதன் வழியே கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் மலையிலும் உண்டு. ஆனால் பஸ் நிற்கும் இடத்திலிருந்து மூன்று மைல் உள்ளே இருக்கும் எஸ்டேட் டிவிஷனில் ஏழு வயதுப் பிள்ளைக்கு அவை எட்டாத தூரம்.

அந்த டிவிஷனில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் புத்தகம் வாங்கக் கிளம்பாதீர்கள். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தப்படி, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவாயிற்று. அப்படித் திரும்பியவர்களுக்கு வேலை தர 1968-இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கி, 1975-இல் குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட டான்டீ என்ற அரசு நிறுவனமாயிற்று. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கோத்தகிரி என்று அதன் தோட்டங்களில் அந்தக் குடும்பங்களின் மூன்றாம், நான்காம் தலைமுறை பள்ளிக்குப் போகிறது. அதே கூடலூர் பக்கத்தில் பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டில் பேசுவது அவரவர் மொழி, கடையில் மலையாளம், பள்ளியில் தமிழ். படுகர் ஊர்களான ஹட்டிகளில் படுகு மொழி. இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் லைனில் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களில் பலருக்குத் தமிழ் எழுத்தே புதிது.

முப்பது பிள்ளைகள் உட்காரும் அறையில் நாலு மொழி இருக்கும். ‘தமிழ்ல மட்டும் பேசு’ என்று முதல் நாளே சொல்பவரிடம் அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் மறுநாள் வர மாட்டார்கள்.

வேலை எங்கே கிடைக்கும்

தோட்ட நிர்வாகம் ஒரு வழி. 1951-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம், 300 தொழிலாளரோ அதற்கு மேலோ இருந்தால் நலன்புரி அலுவலர் ஒருவர் வேண்டும் என்றது. ஐம்பது பெண்கள் வேலை செய்தாலோ அவர்களுக்கு இருபது குழந்தைகள் இருந்தாலோ குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. தொழிலாளருக்கும் பிள்ளைகளுக்கும் பொழுதுபோக்கு வசதி பற்றியும் அதில் பிரிவு உண்டு. இப்போது இவையெல்லாம் 2020-இல் இயற்றிய தொழிலிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. மேனேஜரைப் பார்க்கப் போகும்போது தருமம் கேட்கிற தோரணை வேண்டாம். பூட்டிக்கிடக்கும் பழைய ரிக்ரியேஷன் ஹால் எதற்காகக் கட்டப்பட்டது என்பது அவருக்கும் தெரியும், சாவியைக் கேளுங்கள்.

அரசுப் பக்கம் வாய்ப்பு சிதறிக் கிடக்கிறது. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் மாலை நேரம் ஒரு மணி, ஒன்றரை மணி நடத்தும் தன்னார்வலருக்கு மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை தந்தார்கள். பிளஸ் டூ முடித்தவர் தொடக்க வகுப்புகளுக்கும், பட்டதாரி ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கும் வரலாம் என்று வைத்தார்கள். மலையில் எத்தனையோ இளம்பெண்கள் பிள்ளைகளோடு வேலை செய்யக் கற்றுக்கொண்டது இப்படித்தான். சம்பளம் என்று அதைச் சொல்ல முடியாது, அனுபவம் என்று எழுதிக்கொள்ளலாம். கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் பாட்டு, நடனம், ஓவியம் சொல்லித்தர ஆள் எடுக்கும். பொது நூலகத் துறையின் நூலக நண்பர்கள் திட்டத்தில் புத்தகத்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் தன்னார்வலர் ஆகலாம். நேரு யுவ கேந்திரா 1972 முதல் ஊர் இளைஞர் மன்றங்களைப் பதிவுசெய்து உதவி வந்தது. 2023-க்குப் பிறகு அந்த வேலை மை பாரத் என்ற பெயரில் நடக்கிறது.

நிறுவனங்களில் மூன்றை இந்த மலையில் அறியாமல் இருக்கக் கூடாது. கோத்தகிரியில் டாக்டர் எஸ். நரசிம்மன் 1958-இல் தொடங்கிய நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கம். 1990-களில் கோத்தகிரிக்கு வந்து, காடும் தேனும் பழங்குடி வாழ்வும் பற்றி வேலை செய்யும் கீஸ்டோன் பவுண்டேஷன். ஸ்டான் தேகேக்கராவும் மாரி தேகேக்கராவும் 1980-களின் நடுவில் கூடலூரில் தொடங்கிய அக்கார்டும், அதோடு சேர்ந்து வளர்ந்த ஆதிவாசி முன்னேற்றச் சங்கமும். ராம்தாஸும் ரமா சாஸ்திரியும் நடத்திய வித்யோதயா பள்ளி ஆதிவாசிப் பிள்ளைகளுக்கான பள்ளியாக மாறியது அந்தச் சூழலில்தான். ஆதிவாசி இளைஞர்களையே ஆசிரியராகப் பயிற்றுவித்து, அவர்கள் மொழியையும் கதையையும் பாட்டையும் வகுப்புக்குள் கொண்டுவந்தார்கள். வேலைக்கு விண்ணப்பிக்காவிட்டாலும் அனுமதி கேட்டு ஒரு வாரம் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள். எந்த டிப்ளமோவும் கற்றுத்தராததை அங்கே பார்க்கலாம்.

இடம், நேரம், யானை

பள்ளி நாலு மணிக்கு விடும். கொழுந்து நிறுத்து, பேர் போட்டு, அம்மா வீடு வர ஐந்தரை ஆகும். உங்கள் நேரம் அந்த ஒன்றரை மணி. ஆறு மணி வரை இழுக்காதீர்கள். இது வசதிக்காகச் சொல்வதில்லை. 2024 ஜனவரியில் பந்தலூர் அருகே ஒரு தோட்டத்தில், அங்கன்வாடியிலிருந்து அம்மாவோடு வீடு திரும்பிய மூன்று வயதுப் பெண் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த குடும்பம் அது. இருட்டுவதற்கு முன் கடைசிப் பிள்ளையும் வீட்டுக்குள் இருக்க வேண்டும். கூட்டமாக அனுப்புங்கள், பெரியவர் ஒருவர் கூடப் போகட்டும். காட்டெருமையோ கரடியோ நிற்கிறது என்று வாட்சர் சொன்னால் அன்றைக்கு நூலகம் லீவு, பிடிவாதம் வேண்டாம். வனச்சரக அலுவலகத்தின் எண் அறைச் சுவரில் பெரிதாக எழுதியிருக்கட்டும்.

கூடலூர், பந்தலூர் பக்கத்தில் இன்னொன்று. நூலக அறையில் அரிசி, பருப்பு, உப்பு மூட்டை எதையும் இரவில் வைக்கக் கூடாது. அரிசி தேடி வீடுகளை உடைத்து, 2022 டிசம்பரில் வனத்துறையிடம் பிடிபட்ட மக்னா (தந்தமில்லாத ஆண்) யானையை ஜனங்கள் ‘அரிசி ராஜா’ என்றே கூப்பிட்டார்கள். முகாமுக்கு வாங்கிய மளிகையை அன்றன்று கொண்டுவாருங்கள்.

இடம் லைனுக்கு நடுவில் இருப்பது நல்லது. எஸ்டேட் ஆபீஸ் பக்கத்திலோ ஏதாவது ஒரு கோயிலின் அல்லது சர்ச்சின் வளாகத்திலோ வைத்தால் வராத பிள்ளைகள் இருப்பார்கள், ஏன் வரவில்லை என்று யாரும் உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள்.

புத்தகப் பெட்டி

தொடக்கத்துக்கு 150 புத்தகம் போதும். அலமாரி வேண்டாம், மூடியுள்ள தகரப் பெட்டி இரண்டு வாங்குங்கள். தென்மேற்குப் பருவமழை கூடலூரில் நாலு மாதம் நிற்காது. குன்னூர், கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை முழுக்க ஈரம். திறந்த அலமாரியில் வைத்த புத்தகம் ஒரே மழையில் பூஞ்சணம் பூத்துவிடும். பெட்டியைத் தரையில் வைக்காமல் செங்கல் மேல் வையுங்கள். உள்ளே காய்ந்த வேப்பிலை போடுங்கள். வெயில் அடித்த முதல் நாள் எல்லாப் புத்தகத்தையும் வெளியே விரித்துவிடுங்கள். அந்த வேலைக்குப் பிள்ளைகள் ஓடி வருவார்கள், விரிக்கும் சாக்கில் படிக்கவும் செய்வார்கள்.

பெட்டிக்கு இன்னொரு நன்மை, அது நகரும். 1931-இல் மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். அதைத் தொடங்கிவைத்தவர் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். கொழுந்து ஏற்றும் டிராக்டரில் ஒரு பெட்டிக்கு இடம் கேட்டால் எந்த டிரைவரும் மறுக்க மாட்டார். இரண்டு டிவிஷனுக்கு இரண்டு பெட்டி, மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம்.

எந்தப் புத்தகம்? துளிகா, நேஷனல் புக் டிரஸ்ட், பிரதம் புக்ஸ், பாரதி புத்தகாலயத்தின் சிறுவர் வரிசை ஆகியவற்றில் பட்டியல் போடத் தொடங்குங்கள். அரசின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகப் புத்தகம் போட்டிருக்கிறது. ஆறாம் வகுப்பு வந்தும் எழுத்துக் கூட்டும் பிள்ளைக்கு, வெட்கப்படாமல் கையில் எடுக்க ‘நுழை’ தோதானது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’, பள்ளிக்கல்வித் துறையின் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்கள் இருக்கட்டும். உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’, யூமா வாசுகியின் ‘தன்வியின் பிறந்தநாள்’ இரண்டும் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்றவை, பெரிய பிள்ளைகளுக்கு. ஜார்க்கண்ட் பிள்ளைகளுக்காக பிரதமின் ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே படக்கதையை இந்தியிலும் தமிழிலும் இறக்கி அச்சிட்டு ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வையுங்கள். அந்தக் கதைகளை அச்சிடவும் மொழிபெயர்க்கவும் தடையில்லை என்பதால், படுகிலும் பணிய மொழியிலும் தமிழ் எழுத்தில் நீங்களே ஒட்டிக்கொள்ளலாம். ஊர்ப் பாட்டியிடம் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை அது, பாட்டிக்கும் பிடிக்கும்.

கோயம்புத்தூரிலிருந்து மூட்டையாக வரும் பழைய கைடுகளையும் இருபது வருடத்துக்கு முந்தைய என்சைக்ளோபீடியாவையும் நன்றி சொல்லித் திருப்பி அனுப்புங்கள். ஏழைப் பிள்ளைக்கு எது கொடுத்தாலும் சரி என்ற எண்ணத்தை நீங்கள் முதலில் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

ஒரு மாலை எப்படி இருக்க வேண்டும்? கதவு திறந்ததும் பாய் விரித்து, பத்துப் புத்தகத்தை முகம் தெரியப் பரப்புங்கள். முதல் இருபது நிமிடம் யார் எதையும் புரட்டலாம், கேள்வி கிடையாது. பிறகு எல்லாரும் வட்டமாக உட்கார, நீங்கள் ஒரு கதையைச் சத்தமாக வாசிக்க வேண்டும். பதினாறு பக்கத்துக்கு மேல் வேண்டாம். முந்தின இரவே இரண்டு முறை வாசித்துப் பழகுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் படம் அவர்களுக்கு இருட்டாகத் தெரியும், வெளிச்சம் புத்தகத்தில் விழும்படி இடம் மாறுங்கள். பக்கம் திருப்பும் முன் நிறுத்துங்கள்; பின்வரிசையில் ஒருவன் ‘அந்த நாய் முதல் பக்கத்துலேயே இருந்துச்சுக்கா’ என்பான். அவனைப் பேச விடுங்கள். கதை முடிந்ததும் ‘இதிலிருந்து என்ன தெரிகிறது’ என்று கேட்கவே வேண்டாம். அந்தக் கேள்வியைப் பகலெல்லாம் பள்ளியில் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள்.

கடைசிப் பதினைந்து நிமிடம் புத்தகம் வீட்டுக்கு. நோட்டில் பெயர், வீட்டு எண், புத்தகத்தின் பெயரைப் பிள்ளையே எழுதட்டும். அபராதம் கூடாது, இரண்டு ரூபாய் அபராதத்துக்குப் பயந்து நூலகப் பக்கமே வராமல் போன பிள்ளையைத் திரும்பக் கொண்டுவர ஆறு மாதம் ஆகும். தொலைந்தால் தொலையட்டும், வருட பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்கு அதற்கென்றே ஒதுக்குங்கள்.

பத்து, பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளைகள் இடுப்பில் தம்பியோடுதான் வருவார்கள். ‘சின்னக் குழந்தைக்கு இங்கே அனுமதி இல்லை’ என்றால் அந்த அக்காவும் போய்விடுவாள். மூலையில் ஒரு பாய், நாலு கெட்டி அட்டைப் புத்தகம், ஒரு டப்பா அவல் வைத்திருங்கள்.

முகாம்

மே முதல் வாரத்தில் தொடங்கி பத்து நாள், காலை பத்து முதல் ஒன்றரை வரை, மதியச் சாப்பாட்டோடு. முப்பது பிள்ளைக்கு மூன்று பெரியவர், அதில் ஒருவராவது பெண். வெளியூர்க் கல்லூரி மாணவர்களை வைத்து நடத்தினால் முதல் இரண்டு நாள் அவர்களுக்கே பயிற்சி கொடுங்கள். படம் எடுத்து வலைத்தளத்தில் போடக் கூடாது என்பதும் அந்தப் பயிற்சியில் சேரும்.

களிமண்ணும் காகிதக் கொக்கும் எல்லா முகாமிலும் உண்டு, இருக்கட்டும். இந்த மலைக்கே உரிய இரண்டு வேலையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, டிவிஷன் வரைபடம். பெரிய பிரவுன் தாளில் பேக்டரி, எடை போடும் கொட்டகை, ஓடை, எருமை நிற்கும் இடம், பேய் இருப்பதாகச் சொல்லும் சாம்பிராணி மரம் வரை பிள்ளைகளே குறிக்க வேண்டும். இரண்டு, தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதும் புத்தகம். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் எத்தனை நாள் இருந்தார்கள், பெட்டியில் என்ன கொண்டுவந்தார்கள், யார் அங்கேயே தங்கிவிட்டார்கள் என்று கேட்டு எழுதி, படம் வரைந்து, தைத்து அட்டை போட்டால் நூலகத்தின் முதல் சொந்தப் புத்தகம் தயார். அதிகம் இரவல் போவது அதுவாகத்தான் இருக்கும்.

பெற்றோர் கையெழுத்து அல்லது கைநாட்டு வாங்கிய ஒப்புதல், அட்டைப் பூச்சிக்கு உப்பு, முதலுதவிப் பெட்டி, பெண் பிள்ளைகளுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு ஜீப் டிரைவரின் எண். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் முகாமைத் தள்ளிப்போடுங்கள்.

பதினாலுக்கு மேல்

மன்றம் என்றால் கேரம் போர்டும் வாலிபால் வலையும் என்று நினைத்து, பையன்களுக்கு மட்டும் ஒரு இடம் உண்டாக்கிவிடுவது வழக்கமாக நடக்கிறது. ஞாயிறு காலை மைதானம் பெண் பிள்ளைகளுக்கு என்று முதல் கூட்டத்திலேயே எழுதிவிடுங்கள். விளையாட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகவல் பலகை வையுங்கள்: குன்னூர், கூடலூர் அரசு ஐடிஐ சேர்க்கைத் தேதி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன், முதல் பட்டதாரிச் சலுகை. இவற்றுக்குக் கேட்கும் சான்றிதழ்தான் பலருக்கு முட்டுக்கட்டை. தாத்தாவின் பழைய காகிதங்களைத் தேடி எடுத்து, இ-சேவை மையத்துக்குக் கூடவே போய்வருவதும் மன்றத்தின் வேலைதான். பத்தாம் வகுப்பு விடுமுறையிலேயே இதை முடித்தால் பிளஸ் டூ ரிசல்ட் அன்று அலைய வேண்டாம்.

பிள்ளைகளின் பாதுகாப்பு

போக்சோ சட்டம் 2012, சிறார் நீதிச் சட்டம் 2015 இரண்டையும் தமிழில் படித்துவிட்டு வேலையில் சேருங்கள். பூட்டிய அறையில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியே இருக்கக் கூடாது. நீங்களும் கூடாது, நன்கொடையாளரும் கூடாது. ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்ததைச் சொன்னால் குறுக்கே விசாரிக்காமல் கேளுங்கள், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசில் சொல்லாமல் இருப்பது போக்சோவின்படி குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகள் பாட்டாகவே பாடத் தெரிந்திருக்கட்டும். லைனுக்குள் பேசித் தீர்த்துவிடலாம் என்று மேஸ்திரி, தலைவர் யார் வந்து சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

படிப்பும் சம்பளமும்

அரசு நூலகர் ஆக நூலக அறிவியலில் சான்றிதழோ பட்டமோ வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கலாம். நலன்புரி அலுவலருக்கு சமூகப்பணி, தொழிலாளர் நலப் படிப்பு. சிறுவர் நூலகம் நடத்தவென்றே டாடா டிரஸ்ட்ஸின் பராக் அமைப்பு ஏழு மாதப் பயிற்சி ஒன்றை இந்தியிலும் ஆங்கிலத்திலும் நடத்துகிறது. கோவாவில் புக்வோர்ம் என்ற நூலக அமைப்பு இருக்கிறது. தமிழில் அதற்கு ஈடாக ஒன்று வர வேண்டும், வந்தே ஆக வேண்டும்.

வேலைக்கான நேர்காணலில் நீங்களும் கேளுங்கள். நியமனக் கடிதம் உண்டா? சம்பளமா, மதிப்பூதியமா? இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனமானால் பி.எஃப். பிடிக்கிறார்களா? திட்டப் பணம் எத்தனை வருடத்துக்கு வந்திருக்கிறது? கம்பெனிகளின் சிஎஸ்ஆர் பணம் பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு வரும். அதை வைத்து மூன்று வருட நூலகம் என்று ஊரில் வாக்குக் கொடுப்பவரிடம் சேர வேண்டாம். ‘சேவைதானே’ என்று சொல்லி லைனிலிருந்து வரும் பெண்ணுக்கு மட்டும் பாதிச் சம்பளம் தரும் இடமும் இருக்கிறது. அவளுக்குத்தான் நாலு மொழியும் தெரியும், எந்த வீட்டில் யார் குடிக்கிறார் என்றும் எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடவில்லை என்றும் தெரியும். சம்பளப் பட்டியலில் அவள் பெயர் உங்களுக்குக் கீழே இருக்கக் காரணமில்லை.

வெளியூரிலிருந்து வந்தவரானால் இரண்டு, மூன்று வருடத்தில் கிளம்பிவிடுவீர்கள். கல்யாணம், மேற்படிப்பு, வேறு வேலை எல்லாம் நியாயமான காரணங்கள்தான். உங்களுக்குப் பதில் வருபவரை லைனிலேயே தேடுங்கள். கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே அவரை முழுச் சம்பளத்தில் வேலைக்கு எடுக்கச் சொல்லி, சாவி, நோட்டு, வனச்சரகத் தொடர்பு, பள்ளித் தலைமையாசிரியர் அறிமுகம் எல்லாவற்றையும் கூடவே இருந்து ஒப்படையுங்கள். அந்த மூன்று மாத இரட்டைச் சம்பளத்துக்கான தொகையைத் திட்ட மதிப்பீடு போடும் முதல் நாளே எழுதிவிட வேண்டும்; பின்னால் கேட்டால் கிடைக்காது.